கோட்டுக்கும் திசை உண்டு

கோலம் போட்டு முடிந்தபின் அதைப் பார்ப்பவர் கண்ணுக்கு அதன் அழகு தெரியும். எந்தப் புள்ளியில் கை தொடங்கியது, எந்தப் பக்கமாகச் சுற்றி வந்தது என்பது தெரியாது. பார்ப்பவருக்கு அது தெரிய வேண்டுவதும் இல்லை. வடிவ கணிதமும் இப்படித்தான் பேசுகிறது. ஒரு நடுப்புள்ளியிலிருந்து சம தூரத்தில் உள்ள புள்ளிகளின் கூட்டமே வட்டம் என்று அது இலக்கணம் கூறும். அந்த வட்டம் எங்கே தொடங்குகிறது என்று வகுப்பில் கேட்டால், பொருளற்ற கேள்வி என்று ஆசிரியர் நம்மை அமர்த்திவிடுவார்.

அதே வட்டத்தை ஓர் அலுமினியத் தகட்டில் வெட்டி எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது அந்தக் கேள்வி பொருளுள்ள கேள்வியாகிவிடுகிறது. வெட்டும் கருவி தகட்டில் ஏதேனும் ஓர் இடத்தில் இறங்கியே தீர வேண்டும். இறங்கிய பின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சென்றே தீர வேண்டும். முடிவில் எங்கேயாவது மேலெழவும் வேண்டும். காகிதத்தில் வெறும் வடிவமாக இருந்த கோடு, பட்டறையில் ஒரு பயணமாக மாறிவிடுகிறது. பயணம் என்றால் புறப்படும் இடமும் போகும் திசையும் இல்லாமல் முடியுமா?

இன்று விஞ்ஞானம் பயில்வோரும் பொறியியல் பயில்வோரும் கேட் மென்பொருளில் படம் வரைந்து, சி.என்.சி. இயந்திரம் உள்ள பட்டறைக்கு அனுப்பி வேலை வாங்குகிறோம். நீளம், அகலம், துளையின் விட்டம் ஆகியவற்றை நூறு முறை சரிபார்க்கிறோம். ஆனால், கோட்டின் திசையையும் தொடக்கப் புள்ளியையும் பற்றி எண்ணுவதே இல்லை. நாம் எண்ணாவிட்டால் அவை இல்லாமற் போவதில்லை. நமக்காக வேறு எதுவோ அவற்றைத் தீர்மானித்துவிடுகிறது. அந்தத் தீர்மானத்தை நம் கைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

திசை மறைந்த வரலாறு

ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகளைச் செய்துவந்த ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கர், வளைவுகளைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, அப்புள்ளிகளின் வழியே இயந்திரத்தைச் செலுத்தலாம் என்று எண்ணினார். 1949-இல் அமெரிக்க விமானப்படை இம்முயற்சிக்கு ஆதரவளித்தது. எம்.ஐ.டி. என வழங்கும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இதில் கலந்துகொண்டது. துளையிட்ட காகித நாடாவைப் படித்து உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் இயந்திரம் 1952-இல் அங்கே செய்து காட்டப்பட்டது.

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் அதே கழகத்தில் டக்ளஸ் ராஸ் என்பவரின் தலைமையில் ஏ.பி.டி. என்ற கட்டளை மொழி உருவாயிற்று. அம்மொழியில் எழுதுபவர் 'இடப்புறம் செல்', 'வலப்புறம் செல்', 'முன்னே செல்', 'கருவி கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கட்டும்' என்றெல்லாம் சொல்லால் ஆணையிட வேண்டும். திசையைச் சொல்லாமல் ஓர் அடிகூட நகர முடியாது.

பின்னர்ப் படம் வரையும் மென்பொருள்கள் வந்தன. ஆணைகளை எழுதுவதற்குப் பதிலாகக் கோட்டை வரைந்து காட்டினாலே போதும் என்ற நிலை ஏற்பட்டது. வேலை எளிதாயிற்று, ஆனால் திசை கண்ணிலிருந்து மறைந்துபோயிற்று. கோப்பிலிருந்து அது மறையவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி. நாம் எந்தப் புள்ளியை முதலில் தொட்டோம், எதை அடுத்துத் தொட்டோம் என்ற வரிசையில் திசை ஒளிந்துகொண்டது.

கோப்புக்குள் கோடு

கேட் படங்களைப் பரிமாறப் பெரிதும் பயன்படுவது டி.எக்ஸ்.எஃப். என்ற கோப்பு வகை. அதைத் திறந்து பார்த்தால் உண்மை விளங்கும். நேர்கோட்டுக்கு இரு முனைகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று தொடக்கம், மற்றது முடிவு. பல கோடுகள் சேர்ந்த தொடர்கோட்டைப் பாலிலைன் என்பர். அதில் மூலைகள் வரிசையாக இருக்கும்; அவ்வரிசையே அதன் திசை. பாலிலைனின் ஒரு பகுதி வளைந்திருந்தால் அதற்கு ஓர் எண் உண்டு. அவ்வெண் நேர் எண்ணாக இருந்தால் வளைவு இடஞ்சுழி, எதிர் எண்ணாக இருந்தால் வலஞ்சுழி. கடிகார முள் சுற்றும் வகை வலஞ்சுழி; அதற்கு மாறானது இடஞ்சுழி.

தனி வில்லின் கதை வேறு. அதற்குத் தொடக்கக் கோணமும் முடிவுக் கோணமும் மட்டுமே இருக்கும். போகும் திசை எப்பொழுதும் இடஞ்சுழி என்பது அக்கோப்பின் விதி. நீங்கள் வலஞ்சுழியாக இழுத்து வரைந்திருந்தாலும் கோப்பு அதை இடஞ்சுழியாகவே எழுதி வைக்கும். வட்டத்துக்கோ நடுப்புள்ளியும் ஆரமும் மட்டுமே உண்டு. தொடக்கம் என்பதே கிடையாது. ஆகவே அதைப் படிக்கும் மென்பொருள் தானாக ஒரு தொடக்கத்தை வைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அது கடிகாரத்தில் மூன்று மணி காட்டும் இடமாக இருக்கும்.

கார்களின் உடலை வடிவமைக்கப் பிறந்தவை பெசியே வளைவுகள். ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியேயும், சித்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தல்ஷோவும் தனித்தனியே கண்ட முறை இது. இவ்வளைவில் ஓர் எண் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை வளர வளர, புள்ளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கிறது. அதை ஆளும் புள்ளிகளின் வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும்? வடிவம் இம்மியும் மாறாது; பயணம் மட்டும் திரும்பிவிடும். ஒரே வடிவம், இரண்டு பயணங்கள்! திரையில் இரண்டையும் பார்த்து வேறுபாடு காண யாராலும் முடியாது. வெட்டிய பொருளில் அது தெரிந்துவிடும்.

ஏன் தெரிகிறது?

மில்லிங் இயந்திரத்தின் கட்டர், மேலிருந்து பார்த்தால், பொதுவாக வலஞ்சுழியாகச் சுழலும். அது முன்னோக்கிச் செல்லும்பொழுது அதன் வலப்பக்கத்துப் பல் பின்னோக்கி ஓடும்; இடப்பக்கத்துப் பல் முன்னோக்கி ஓடும். ஆகவே கட்டரின் இரு பக்கங்களும் ஒரே விதமாக வெட்டுவதில்லை. வலப்பக்கம் உள்ள பொருளில் பல் தடித்த சீவலாக நுழைந்து மெல்லிய சீவலாக வெளியேறும். இதற்கு ஏறுவெட்டு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் உள்ள பொருளில் பல் முதலில் உராய்ந்து, பிறகே கடிக்கும். சீவல் மெல்லியதாகத் தொடங்கித் தடித்து முடியும். இதை எதிர்வெட்டு எனலாம். உறுதியான சி.என்.சி. இயந்திரத்தில் உலோகத்தை வெட்டும்பொழுது ஏறுவெட்டே பெரும்பாலும் வழவழப்பான விளிம்பைத் தரும். எனவே நமக்கு வேண்டிய பொருள் கட்டரின் வலப்பக்கம் இருக்க வேண்டும். கழிவு இடப்பக்கம் போகட்டும்.

இப்பொழுது பிளாஸ்மா வெட்டைப் பாருங்கள். அங்கே சுழலும் பல் எதுவும் இல்லை. கொதிக்கும் வாயு ஒன்றே எஃகுத் தகட்டை உருக்கி ஊதித் தள்ளுகிறது. ஆயினும் அவ்வாயு சுழன்றுகொண்டே இறங்குகிறது. வழக்கமான டார்ச்சில் அச்சுழற்சி வலஞ்சுழி. அதன் பயனாகச் செல்லும் திசைக்கு வலப்பக்கத்து விளிம்பு செங்குத்தாகவும், இடப்பக்கத்து விளிம்பு சரிந்தும் அமைகின்றன. இங்கும் நல்ல பக்கம் வலப்பக்கமே.

காரணங்கள் வேறு, விதி ஒன்று. அவ்விதியை நினைவில் வைக்கத் தமிழருக்குத் தனிப்பாடம் வேண்டுவதில்லை. கோயிலை எப்படி வலம் வருகிறோம்? மூலவர் நம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி, வலஞ்சுழியாக. பொருளின் வெளி விளிம்பைக் கருவி இவ்வாறே வலம் வர வேண்டும். பொருளுக்குள் ஒரு துளை இருந்தால்? அப்பொழுது கருவி துளைக்குள் நிற்கிறது. காக்க வேண்டிய பொருள் அதைச் சுற்றி வெளியே இருக்கிறது. அதையும் வலக்கைப் பக்கம் வைக்க வேண்டுமானால் கருவி இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். சுருங்கச் சொன்னால், வெளிக்கோடு வலஞ்சுழி, உட்கோடு இடஞ்சுழி, காக்க வேண்டியது என்றும் வலக்கைப் பக்கம்.

இவ்விதிக்கு விலக்குகளும் உண்டு. திருகுகள் தேய்ந்து ஆட்டம் கண்ட பழைய இயந்திரத்தில் ஏறுவெட்டு பொருளைச் சட்டென்று இழுத்துவிடும். அங்கே எதிர்வெட்டே பாதுகாப்பானது. மரத்தில் நாரின் போக்கைப் பார்த்தே திசையை முடிவு செய்ய வேண்டும். லேசர்க் கதிருக்கு வலமும் இடமும் பெரும்பாலும் ஒன்றே. விலக்கு எதுவாயினும், முடிவு தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும் என்பதே என் கருத்து.

திசை தவறினால் அளவும் தவறும்

விளிம்பின் அழகு கெடுவதோடு இது நிற்பதில்லை. இயந்திரக் கட்டளைகளில் ஜி-41 என்பது, கருவியைக் கோட்டுக்கு இடப்பக்கம் அதன் ஆர அளவு ஒதுக்கு என்று பொருள்படும். ஜி-42 வலப்பக்கம் ஒதுக்கச் சொல்லும். இடமும் வலமும் கோட்டின் திசையைக் கொண்டே அளக்கப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள்.

100 மில்லிமீட்டர் நீளமும் 60 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு தட்டை 6 மில்லிமீட்டர் கட்டரால் வெட்டுகிறோம். கோடு வலஞ்சுழியாக இருந்து ஜி-41 கொடுத்தால், கட்டரின் மையம் கோட்டுக்கு 3 மில்லிமீட்டர் வெளியே செல்லும். தட்டு 100-க்கு 60 ஆகவே கிடைக்கும். அதே கோடு இடஞ்சுழியாகத் திரும்பியிருந்தால், கட்டரின் மையம் 3 மில்லிமீட்டர் உள்ளே செல்லும். ஒவ்வொரு பக்கத்திலும் 6 மில்லிமீட்டர் தின்றுபோய், கையில் கிடைப்பது 88-க்கு 48 அளவுள்ள தட்டு! படத்தில் ஓர் அளவும் தவறில்லை. ஆனால் தகடு பாழ். மூடிய கோடுகளுக்கு உட்புறம் எது, வெளிப்புறம் எது என்று தாமே கண்டுகொள்ளும் மென்பொருள்கள் இன்று பல உண்டு. மூடாத கோட்டுக்கு உள்ளும் இல்லை, புறமும் இல்லை. அங்கே திசையைத் தவிர வேறு வழிகாட்டி கிடையாது.

தொடங்கும் இடம்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வெட்டி வந்த ஓர் அலுமினியத் தட்டைப் பற்றி இங்கே கூற வேண்டும். காற்றை அகற்றிய கலத்துக்குள் ஒரு தண்டு நுழைய வேண்டிய துளை அதில் இருந்தது. தண்டின்மேல் மாட்டிய ரப்பர் வளையம், துளையின் சுவரில் அழுந்திக் காற்றை அடைக்க வேண்டும். துளையின் விட்டத்தை அளந்தோம், சரியாக இருந்தது. ஆனால் கலத்தில் காற்றழுத்தம் வேண்டிய அளவுக்கு இறங்க மறுத்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தபொழுது, மூன்று மணி இடத்தில், நகத்தால் கீறியது போன்ற மெல்லிய தடம் ஒன்று துளையின் மேலிருந்து கீழ்வரை ஓடியிருந்தது. கட்டர் நேராகச் சுவரில் வந்து மோதித் தொடங்கி, சுற்றி முடித்து, அதே இடத்தில் விலகிய தடம் அது. அது ரப்பர் வளையத்துக்குக் குறுக்கே ஓடியதால் காற்றுக்கு வாய்க்கால் வெட்டியது போல் ஆயிற்று. வரைந்தவர் சரியாக வரைந்தார். வெட்டியவர் வரைந்தபடி வெட்டினார். எங்கே தொடங்குவது என்ற கேள்வியைத்தான் ஒருவரும் கேட்கவில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. கருவி கழிவுப் பகுதியில் இறங்கி, ஒரு சிறு வில்லாக வளைந்து, சுவரைத் தொட்டும் தொடாமலும் வந்து சேர வேண்டும். சுற்றி முடித்தபின் தொடங்கிய இடத்தைச் சில மில்லிமீட்டர் கடந்து சென்று, மீண்டும் ஒரு வில்லாக விலக வேண்டும். இந்த நுழைவுக் கோட்டைப் பட்டறையில் லீட்-இன் என்பர். விலகும் கோடு லீட்-அவுட்.

லேசருக்கும் பிளாஸ்மாவுக்கும் இது இன்னும் இன்றியமையாதது. தகட்டை முதலில் துளைக்கும் இடத்தில் உருகிய உலோகம் சிதறி, வெட்டுக்கோட்டைவிட அகன்ற வடு உண்டாகும். ஆகவே வெளிக்கோட்டுக்கு நுழைவு வெளியேயும், துளைக்கு நுழைவு உள்ளேயும் இருக்க வேண்டும். வடு கழிவோடு போய்விடும். வெளிக்கோடு ஒரு மூலையில் தொடங்குவது நலம். அம்மூலையில் சேரும் பக்கத்தையே வெளியே சற்று நீட்டினால் அதுவே நுழைவுக் கோடாகிவிடும். ஆனால் அருகில் அடுக்கியுள்ள அடுத்த துண்டை அது தொடலாகாது.

எதை முன்னே வெட்டுவது என்பதும் இதனோடு சேர்ந்ததே. உள்ளே உள்ள துளைகள் முதலில், வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால் துண்டு விடுபட்டு நகரும். பிறகு வெட்டும் துளை இடம் மாறும். லேசரில் விடுபட்ட சிறு துண்டு சாய்ந்து எழுந்து, வேகமாக வரும் வெட்டுத் தலையில் மோதுவதும் உண்டு. அதைத் தடுக்க, பயணத்தின் கடைசியில் சிறிது வெட்டாமல் விட்டுப் பின்னர்க் கையால் முறித்துக்கொள்வர்.

எழுத்தும் கண்ணாடியும்

நம் சங்க விழாவுக்கு ஆக்ரிலிக் பலகையில் தமிழ் எழுத்துகளை வெட்டுவதாகக் கொள்வோம். 'ட' என்ற எழுத்துக்கு வெளிக்கோடு ஒன்றே. 'க' என்ற எழுத்திலோ உள்ளே அடைபட்ட வெளி உண்டு. அதை முதலில் வெட்டிய பிறகே வெளியே வர வேண்டும். எழுத்துருக் கோப்பிலிருந்து எடுத்த எழுத்துகள் தமக்கெனத் திசையோடு வருகின்றன. ட்ரூடைப் முறையில் வெளிக்கோடு வலஞ்சுழி, உட்கோடு இடஞ்சுழி. போஸ்ட்ஸ்கிரிப்ட் முறையில் இதற்கு நேர்மாறு. இரு வகை எழுத்துகளையும் ஒரே பலகையில் கலந்தால், திசைகளும் கலந்துவிடும்.

பலரும் அறியாத மற்றொரு பொறி, கண்ணாடிப் பிம்பம். இடக்காலுக்கான செருப்பு அடியை வரைந்து, அதைப் புரட்டி வலக்காலுக்கு ஆக்குகிறோம். புரட்டியவுடன் வலஞ்சுழி இடஞ்சுழியாகிவிடுகிறது. ஒரு செருப்பு ஏறுவெட்டில் வழவழப்பாகவும், மற்றது எதிர்வெட்டில் சொரசொரப்பாகவும் வந்தால், குறை இயந்திரத்தில் இல்லை. எஸ்.வி.ஜி. வகைப் படங்களில் செங்குத்து அச்சு கீழ்நோக்கி வளரும். இயந்திரத்திலோ அது மேல்நோக்கி வளரும். மாற்றும்பொழுது எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் படம் முழுதும் புரண்டுவிடும். திசையும் கூடவே புரளும்.

இரண்டு கோடுகள் சேர்ந்து நடக்கும்பொழுது

மாதிரி விமானத்தின் இறக்கையைத் தெர்மோகோல் கட்டியிலிருந்து சூடான கம்பியால் அறுப்பார்கள். கம்பியின் ஒரு முனை இறக்கையின் அடி வடிவத்தையும், மறுமுனை நுனி வடிவத்தையும் ஒரே நேரத்தில் சுற்றி வர வேண்டும். இங்கே இரு கோடுகளும் ஒத்த இடத்தில் தொடங்கி ஒரே திசையில் செல்லாவிட்டால், கம்பி குறுக்கே சாய்ந்து இறக்கையைச் சிதைத்துவிடும். இறக்கை வடிவங்களின் புள்ளிகள் இரு விதமாக எழுதப்படுகின்றன. செலிக் முறையில் பின்விளிம்பில் தொடங்கி, மேற்புறமாக முன்விளிம்புக்குப் போய், கீழ்ப்புறமாகத் திரும்புவர். லெட்னைசர் முறையில் மேற்புறம், கீழ்ப்புறம் இரண்டையுமே முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்குத் தனித்தனியே எழுதுவர். அடி ஒரு முறையிலும் நுனி மற்றொரு முறையிலும் இருந்தால் விளைவு என்னவென்று சொல்ல வேண்டுவதில்லை.

கண்டுபிடிப்பதும் மாற்றுவதும்

ஒரு கோட்டின் திசையைக் கணக்காலேயே அறியலாம். மூலைகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலையின் கிடை எண்ணை அடுத்த மூலையின் செங்குத்து எண்ணால் பெருக்கி, அதிலிருந்து அடுத்ததன் கிடை எண்ணை இதன் செங்குத்து எண்ணால் பெருக்கி வருவதைக் கழியுங்கள். கடைசி மூலைக்கு அடுத்தது முதல் மூலை. எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்கினால் பரப்பு கிடைக்கும். விடை நேர் எண் எனில் கோடு இடஞ்சுழி. எதிர் எண் எனில் வலஞ்சுழி. முன்பு கூறிய தட்டை (0,0), (100,0), (100,60), (0,60) என்ற வரிசையில் எடுத்தால் நான்கு விடைகள் 0, 6000, 6000, 0. கூட்டினால் 12000; பாதி 6000. நேர் எண் வந்ததால் இது இடஞ்சுழி; வெளிக்கோட்டுக்கு இதைத் திருப்ப வேண்டும்.

கணக்கு வேண்டாம் என்போருக்கு மென்பொருளே துணை. ரைனோவில் டிர் என்ற கட்டளை கோட்டின்மேல் அம்புகளைக் காட்டும்; ஃபிளிப் திருப்பும்; மூடிய கோட்டின் தொடக்கத்தை சி.ஆர்.வி.சீம் நகர்த்தும். ஆட்டோகேடில் ரிவர்ஸ் கட்டளை உண்டு. இங்க்ஸ்கேப்பில் பாதைப் பட்டியலில் திருப்பும் வழி இருக்கிறது. எதுவும் இல்லையெனில், மூடிய கோட்டை வேண்டிய இடத்தில் உடைத்து மீண்டும் மூடினால், அவ்விடமே புதிய தொடக்கமாக அமைவது பெரும்பாலும் வழக்கம். முதலில் தனிக் கோடுகளையும் விற்களையும் ஒரே பாலிலைனாக இணைத்துவிடுங்கள். முனைகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தால் கருவி அங்கே எழுந்து மீண்டும் இறங்கும். ஒவ்வோர் இறக்கமும் ஒரு வடு.

பட்டறையில் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு நம் துளையின் பயன் தெரியாது. எந்த விளிம்பு கண்ணில் படும், எது மறைந்திருக்கும் என்பதும் தெரியாது. அவற்றை அறிந்தவர் வரைந்தவரே. ஆகவே தீர்மானிக்கும் கடமையும் வரைந்தவருடையதே. பொருள் கெட்டபின் அவரைக் குறை கூறுவது முறையாகாது. படத்தை அனுப்புமுன் அதில் மூன்று குறிப்புகளைச் சேருங்கள்: ஒவ்வொரு கோட்டின்மேலும் திசையைக் காட்டும் ஓர் அம்பு, தொடங்கலாம் என்ற இடத்தில் ஒரு புள்ளி, வடு படவே கூடாத விளிம்பில் ஒரு தடித்த கோடு. இவை வெட்டும் கோடுகளோடு கலவாமல் தனி அடுக்கில் இருக்கட்டும். நம்மில் பலருக்கு இவ்வூர் மொழி இன்னும் தடுமாற்றந்தான். நாவால் விளக்க முடியாததை ஓர் அம்புக்குறி விளக்கிவிடும்.